பையில் இருந்த பால்கோவா

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையம் வீட்டில் நானும் என் கணவரும் மட்டும்தான். மகன் பட்டாளத்தில், எங்கோ வடக்கே. மகள் பம்பாயில். இவரும் பட்டாளத்துக்காரர்தான். ஓய்வு பெற்று வரும்போது சர்க்கரையையும் பிரஷரையும் கையோடு கூட்டி வந்துவிட்டார்.

ஒரு புரட்டாசி சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் போயிருந்தோம். விரதமாம்! வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு வந்திருக்கிறார் மனுஷன். தேரடியில் வேர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, அப்படியே சரிந்துவிட்டார். நான் போட்ட கூச்சலில் பால்கோவா கடை பாய் ஒரு பொட்டலத்தோடு ஓடி வந்தார்.

"சுகர் எறங்கியிருக்கும்க்கா. இதைக் கொஞ்சம் கொஞ்சமா வாயில வையுங்க."

செத்த நேரத்தில் கண் தெளிந்து, "ஏட்டி, எதுக்கு ஊரைக் கூட்டுதே?" என்று அதட்டினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கல்யாணமான நாள் முதல் அவர் என்னை 'ஏட்டி' என்றுதான் கூப்பிடுவார். என் பெயரை அவர் வாயால் கேட்டதே இல்லை.

அன்றிலிருந்து பையில் பால்கோவா இல்லாமல் நான் வெளியே கிளம்பியதில்லை.

அப்புறம் மறதி வந்தது. சாப்பிட்ட கையோடு மறுபடி சோறு கேட்பார். தெருமுனைக் கடைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பார். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! சுகர் இறங்கிவிட்டது என்று பால்கோவாவை ஊட்டுவேன். சில நாள் தானாகவே தெளிந்துவிடுவார். உடனே எனக்குப் பெருமை பிடிபடாது. "சுகர் ஏன் இப்படி ஏறிக் கிடக்கு?" என்று டாக்டர் கேட்டபோது, "அவிய கள்ளத்தனமா தின்னுதாகளோ என்னவோ" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மேலேயே பழியைப் போட்டேன்.

அடுத்த வருஷம், பென்ஷனுக்காக 'உயிரோடு இருக்கிறேன்' என்று கையெழுத்துப் போட ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். கையெழுத்து துளியும் பிசகவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர், மடவார் வளாகம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க எங்கம்மா எறங்கணும்?"

நீங்க. அம்மா. அத்தனை மரியாதை.

அவசர அவசரமாகப் பொட்டலத்தைப் பிரித்து ஊட்டினேன். மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தார், சுகர் இறங்க வழியே இல்லை என்று எனக்கே தெரியும். இருந்தும் ஊட்டினேன். இதோ இப்போது 'ஏட்டி' என்பார், இதோ இப்போது என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி வழி போனது. ராஜபாளையமே வந்துவிட்டது. அவர் என் கையைப் பதமாக விலக்கினார்.

"போதும்மா. மிச்சத்தைத் தந்தா வீட்டுக்குக் கொண்டு போவேன். எம் பொண்டாட்டிக்கு இதுன்னா உசுரு."

மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பல வருஷச் சர்க்கரையும் பிரஷரும் மூளைக்குப் போகிற ரத்தக் குழாய்களையும் கெடுத்துவிட்டன, இந்த மறதிக்கு இனிப்பு மருந்தில்லை, முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. வீட்டுக்கு வந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்பது யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

அவர் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. இன்றைக்கும் தெருவில் யாராவது 'ஏட்டி' என்றால் சட்டென்று திரும்பிவிடுகிறேன். அந்த பஸ் பயணத்துக்குப் பிறகு, அன்று சாயங்காலம் முழுக்க அவர் மிச்சப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்து மனைவிக்காகக் காத்திருந்தார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நான், அதை எப்படிக் கேட்டு வாங்குவது என்று தெரியாமல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறேன்.