வெர்னா மூடிய வளை

வெர்னா ஆசென் பொழுதுபோக்குக்காக எந்த மிருகத்தையும் சுட்டதில்லை. எங்கள் மொன்டானா பக்கம் அப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடிய வேட்டைக்காரர்கள் குறைவு. குளிர்காலத்தில் ஊர் மதுக்கடையில், நரி இனத்துக் கயோட்டிகளைச் சுடும் போட்டி நடக்கும். அதிகம் சுட்டவருக்குப் பரிசு. கடை வாசலில் உடல்களை வரிசையாகக் கிடத்திப் படம் எடுப்பார்கள். வெர்னா அன்றைக்குக் கடைத்தெருவுக்கே வரமாட்டார்.

செம்மறி வளர்ப்பவர்கள் சேர்ந்து அவரை வேலைக்கு வைத்திருந்தார்கள். குட்டி செத்தால் அவருக்குப் போன் போகும். பிக்கப் வண்டியை நிறுத்தியதும் நேராகச் செத்த குட்டியிடம் போய், கழுத்துத் தோலை உரித்துப் பார்ப்பார். கயோட்டி கடித்திருந்தால் தொண்டையின் இரு பக்கமும் பல் இறங்கிய ஓட்டைகள் இருக்கும். தோலுக்கடியில் ரத்தம் கட்டியிருக்கும். இல்லையென்றால், குட்டி நோயில் செத்தது, கயோட்டி பிறகு வந்து தின்றிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். சிலருக்கு இது பிடிக்காது. வந்ததற்கு ஒன்றையாவது சுட்டுவிட்டுப் போனால் என்ன என்று முணுமுணுப்பார்கள்.

அதற்காக அவருக்குக் கயோட்டிமேல் பாசம் என்று இல்லை. குடல் சரிந்தும் உயிர் போகாமல் கிடந்த குட்டிகளைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவர். அவருடைய அப்பா மந்தையை விற்றது கயோட்டிகளால்தான் என்று வீட்டில் சொல்லித்தான் வளர்த்தார்கள். அதில் அப்பாவின் குடிப்பழக்கத்துக்கும் பங்கு உண்டு என்று பின்னால் தெரிந்துகொண்டார். ஆனாலும் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை.

எல்டன் ரூட்டின் பண்ணையில் நான் ஆடுகள் ஈனும் பருவத்தில் வேலை செய்தேன். எல்டனும் வெர்னாவும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் எல்டனின் மனைவி ஜூன் இறந்துபோனார். கடைசியாக வீட்டுக்கு ஜூன் கொண்டுவந்தது ஹாங்க் என்ற வெள்ளைக் காவல் நாயை. மந்தையோடு வாழ்ந்து ஆடுகளைக் காக்கிற ஜாதி. அந்த வசந்தத்தில் அதற்கு ஒரு வயது நிறைந்திருந்தது. உடம்பு கரடி மாதிரி, புத்தி மட்டும் இன்னும் குட்டி.

ஏப்ரலில் குட்டிகள் சாகத் தொடங்கின. எல்டன் வெர்னாவை அழைத்தார். அன்று கிடைத்த குட்டியில் பாதிதான் மிச்சம். தலையும் கழுத்தும் தின்னப்பட்டிருந்தன. சுற்றிலும் சேற்றில் கயோட்டியின் கால் தடங்கள். வெர்னா குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

“கழுத்தே இல்லையே, எல்டன். எத வச்சு சொல்றது?”

“தடம் இருக்கே. பின்ன யாரு வந்து தின்னா, நம்ம பாதிரியாரா?”

சொல்லிவிட்டு எல்டன் சிரித்தார். சிரித்த கண்ணிலேயே தண்ணீர் வந்துவிட்டது. பல இரவுகளாகத் தூங்காத முகம் அது. ஓடைப் பக்கம் ஒரு கயோட்டி ஜோடி சில வருஷமாக இருப்பது வெர்னாவுக்குத் தெரியும். அவற்றால் எந்தத் தொல்லையும் இருந்ததில்லை என்பதும் தெரியும். இருந்தும் அன்று சரி என்றார்.

மறுநாள் விடியலில் நானும் கூடப் போனேன். காற்றுக்கு எதிரே, சேஜ் புதர் மறைவில் உட்கார்ந்து, அடிபட்ட முயல் கத்துவதுபோல் ஊதுகுழலை ஊதினார். ஆண் முதலில் வந்தது. அது விழுந்ததும் பெண் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. திரும்பி வந்து அதை முகர்ந்தது. வெர்னா இரண்டாவது முறை சுட்டார்.

பெண்ணைப் புரட்டிப் பார்த்தபோது அதன் மடியைச் சுற்றி முடி உதிர்ந்து பால் கசிந்தது. அப்படியென்றால் எங்கோ வளையில் குட்டிகள் இருக்கின்றன. தடம் பிடித்துப் போய் ஓடைக்கரை மண் திட்டில் வளையைக் கண்டுபிடித்தார். இதற்கென்றே விற்கும் நச்சுப் புகைக்குழல் ஒன்றைப் பற்றவைத்து உள்ளே தள்ளி, வளை வாயை மண்வெட்டியால் மண் தள்ளி மூடி, அதன்மேலேயே உட்கார்ந்தார். உள்ளேயிருந்து கொஞ்ச நேரம் சின்னச் சத்தம் வந்தது.

“பட்டினி கெடந்து சாகறதுக்கு இது எவ்வளவோ மேல்,” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் இன்னொரு குட்டி செத்தது. இதை யாரும் தின்றிருக்கவில்லை. வெர்னா வந்து தோலை உரித்தார். தொண்டையில் ஓட்டை இல்லை. காதுகள் மெல்லப்பட்டிருந்தன, முதுகுக் கம்பளி முழுக்க எச்சில் ஊறிப் பிசுபிசுத்தது, தொடையெல்லாம் கன்றியிருந்தது. கத்தியைத் துடைத்தார், மடக்கினார், மறுபடி திறந்து துடைத்தார். என்ன என்று கேட்டேன். நாளைக் காலையில் மேட்டுக்கு வா என்று மட்டும் சொன்னார்.

மேட்டிலிருந்து தொலைநோக்கியில் மேய்ச்சல் நிலம் முழுதும் தெரிந்தது. வெயில் ஏறியதும் ஹாங்க் எழுந்து சோம்பல் முறித்தது. ஒரு குட்டியைத் துரத்தியது, பாதத்தால் தட்டி உருட்டியது, எழவிட்டு மறுபடி துரத்தியது. தாய் ஆடு காலை உதைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. கொஞ்ச நேரத்தில் குட்டி எழவில்லை. ஹாங்க் மூக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்தது. பிறகு அதன் பக்கத்திலேயே படுத்து வாலை ஆட்டியது.

வெர்னா தொலைநோக்கியை என்னிடம் கொடுத்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்தார்.

“அந்த கயோட்டிங்க செத்தத தின்ன வந்துருக்குங்க. அவ்வளவுதான்,” என்றார்.

எல்டன் கொட்டகையில் ஒரு பலவீனமான குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தார். வெர்னா சுற்றிவளைக்காமல் சொன்னார். எல்டன் நம்பவில்லை, நானும் பார்த்தேன் என்றேன். அதன்பிறகு அவர் குட்டியின் வாயிலிருந்து புட்டியை எடுக்கவே மறந்துபோனார்.

“அது வெளையாடுது, வெர்னா. சின்னது. கொல்லணும்னு கொல்லல.”

“தெரியும்.”

“ஜூன் கொண்டுவந்தது.”

“அதுவும் தெரியும். நான் அத சுடச் சொல்லல. கட்டிப் போடு, இல்ல பெரிய ஆடுங்களோட மட்டும் விடு. அடுத்த வருஷம் புத்தி வந்துரும்.” கொஞ்சம் நிறுத்தினார். “ஆனா எங்கூட ஒருதரம் அந்த ஓடைக்கு வா.”

“எதுக்கு?”

“ஒண்ணுத்துக்கும் இல்ல. பாக்கறதுக்கு.”

“எனக்கு வேலை இருக்கு,” என்றார் எல்டன். வெர்னா இன்னும் கொஞ்சம் நின்றார். எல்டன் தலை தூக்கவில்லை. வெர்னா போய்விட்டார். ஹாங்கைச் சங்கிலியில் கட்டினோம். குட்டிகள் சாவது நின்றது.

கோடையில் செம்மறி வளர்ப்போர் கூட்டம் பள்ளி அரங்கில் நடந்தபோது வெர்னா எழுந்து நின்று நடந்ததைச் சொன்னார். எல்டன் பெயரைச் சொல்லவில்லை. தப்பான குடும்பத்தைக் கொன்றது தான்தான் என்றார். இனிமேல் கயோட்டிகள் குட்டி வளர்க்கும் மாதங்களில், ஏப்ரல் முதல் ஜூன் வரை, யார் கூப்பிட்டாலும் கயோட்டி சுட வரமாட்டேன்; இரவில் ஆடுகளைப் பட்டியில் அடையுங்கள், விளக்கு போடுங்கள் என்றார். பின்வரிசையிலிருந்து ஒருவன், செத்த கயோட்டிகளுக்காக ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜெபமும் வைத்துவிடலாமா என்று கேட்டான். அரங்கம் சிரித்தது. எல்டன் சிரிக்கவில்லை, ஆனால் வாயும் திறக்கவில்லை. அப்படியென்றால் கயோட்டி தின்னவா நாங்கள் ஆடு வளர்க்கிறோம் என்று ஒரு பெண்மணி கேட்டார். அது நியாயமான கேள்விதான் என்று வெர்னா ஒப்புக்கொண்டார்.

அந்த ஓடை காலியாக இருந்தது குளிர்காலம் வரைதான். பிறகு எங்கிருந்தோ புதிய கயோட்டிகள் வந்து இடம் பிடித்தன. பழைய ஜோடி ஆடுகளைத் தொட்டதில்லை. இவை தொட்டன. அடுத்த ஏப்ரலில் ஹாங்குக்குப் புத்தி வந்திருந்தது, காவலும் காத்தது. ஆனால் நிலம் பெரியது, நாய் ஒன்றுதான். இரவில் பட்டியில் அடைத்தோம். அவை பகலில் வந்தன.

எல்டன் அழைத்தபோது வெர்னா வந்து கழுத்தை உரித்துப் பார்த்தார். இரு பக்கமும் ஓட்டைகள். சந்தேகமே இல்லை.

“இப்பவாவது சுடுவியா?” என்று கேட்டார் எல்டன்.

“ஜூலைல வர்றேன்.”

“ஜூலைல எங்கிட்ட குட்டி இருக்காது, வெர்னா.”

வெர்னாவின் முகம் சிவந்தது. எல்டன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்து எல்டன் வரவழைத்தது சின்ன விமானத்தில் தாழப் பறந்து சுடுகிற ஓர் ஆளை. ஒரே காலையில் ஓடையோரம் மூன்று விழுந்தன. அதில் ஒன்று பால் கொடுக்கும் தாய். விமானம் போய்விட்டது. வளையைத் தேட ஆளில்லை. அது அந்த ஆளின் வேலையும் இல்லை.

மறுநாள் நான் வேலி சரிசெய்யப் போனபோது வெர்னாவின் வண்டி பாதையோரம் நின்றது. அவர் கையில் மண்வெட்டியோடு ஓடைக்கரையில் நடந்துகொண்டிருந்தார். நாலடி வைப்பார், நிற்பார், தலையைச் சாய்ப்பார்.

“என்ன பண்றீங்க?”

“குட்டிங்க சத்தம் ஏதாவது கேக்குதான்னு பாக்கறேன்.”

நானும் கூட நடந்தேன். காற்று அதிகமாக இருந்தது. கரையில் பழைய வளைகள் பல இருந்தன, எல்லாம் காலி. மண்ணில் காது வைத்துக் கேட்டோம். இருட்டும் முன் நான் திரும்பினேன், அவர் வரவில்லை. அதற்கடுத்த இரண்டு நாளும் அவர் வண்டி அங்கேயே நிற்பதைப் பார்த்தேன். பிறகு மழை பிடித்துக்கொண்டது.

வெர்னா அந்த வளையைக் கண்டுபிடிக்கவில்லை. இப்போதும் குளிர்காலத்தில் கூப்பிடுகிற சிலருக்காக வேட்டைக்குப் போகிறார். எல்டனை அஞ்சலகத்தில் பார்த்தால் இருவரும் தலையசைத்துக்கொள்கிறார்கள்.