கடைசி அறைத் தாத்தா சொன்ன நம்பர்

இதைச் சொன்னபோது என் அண்ணன் சிரித்தான். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள். அந்தக் குரலைக் கேட்டவள் நான்.

அப்போது பதினொன்றாம் வகுப்பு. சனிக்கிழமைகளில் எங்கள் பள்ளியிலிருந்து சிலரை முதியோர் இல்லத்துக்கு அழைத்துப் போவார்கள். பெரியவர்களுக்குப் பேப்பர் படித்துக் காட்டுவோம், அவர்களுடைய பிள்ளைகளுக்குப் போன் போட்டுக் கொடுப்போம். எனக்குக் கடைசி அறைத் தாத்தா. லாரி ஓட்டியவர். வாயைத் திறந்தால் கிண்டல்தான். "நீ பேப்பர் படிக்கிறியா, இல்ல பேப்பரைத் திட்டுறியா?"

கிளம்பும்போதெல்லாம் மகனுடைய நம்பரைச் சொல்லி ஸ்பீக்கரில் போடச் சொல்வார். 'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்று வரும். எனக்குப் பாவமாக இருக்கும். அவரோ நிம்மதியாக மூச்சு விட்டு, "சரி, போயிட்டு வாம்மா" என்பார்.

அன்றும் நம்பரை அழுத்தினேன். நல்ல வெயில் நேரம்.

மணி அடித்தது.

தாத்தாவின் முகம் வெளுத்தது. "கட் பண்ணு."

அழுத்தினேன். நிற்கவில்லை. ட்ரிங்... ட்ரிங்...

எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு ஓர் ஆண் குரல், ரொம்பச் சாதுவாக.

"அப்பா பக்கத்துல இருக்காராம்மா?"

தாத்தா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, இல்லை என்று சொல்லும்படி தலையை ஆட்டினார்.

"இ... இல்ல."

"மூச்சு விடுறது கேக்குதே."

போன் கை நழுவி விழுந்தது.

"எங்க இருக்காருன்னுதான் தெரியாம இருந்துச்சு..."

அதன் பிறகு சத்தமே இல்லை.

தாத்தா என் துப்பட்டாவைப் பிடித்தார். "போகாதம்மா..."

டீச்சர் வந்து பிடியை விடுவித்தார். "கிளம்பும்போது யாராவது இப்படித்தான் நாடகம் போடுவாங்க. வேன் காத்திருக்கு, நட."

அடுத்த வாரம் அந்தக் கட்டிலில் வேறொருவர் இருந்தார். நர்ஸ் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ போன அன்னைக்கே செத்துட்டார். மாரடைப்புன்னாங்க."

"மகன் வந்தாரா?"

"அவன் எங்க வர்றது? மூணு வருஷம் முன்னாடியே காரோட எரிஞ்சு போனான். பெரியவர்தான் நம்பவே இல்ல. வாரா வாரம் போன் போட்டுப் பார்த்து உறுதி பண்ணிக்குவார்."

"ஏன்க்கா?"

"இடது கையைப் போர்வைக்குள்ளயே வச்சிருப்பாரே, பார்த்திருக்கியா? அஞ்சு விரலையும் அந்த மகன் ஒடிச்சிருந்தான்."

அக்கா கதவைச் சாத்தினார்.

"வலது கைக்கு அன்னைக்குக் காலைல நான்தான் நகம் வெட்டினேன். நல்லாத்தான் இருந்துச்சு. சாயங்காலம் பார்த்தா... அஞ்சும் பின்பக்கமா மடிஞ்சு கிடந்துச்சு."