விரதம் என்று சொன்னார்கள்

கந்தசஷ்டி தொடங்கியதிலிருந்து மயிலிட்டியில் தேவராசாவுக்கு நல்ல பெயர். மற்றவர்கள் இளநீராவது குடித்து விரதம் பிடிக்க, அவன் கொதிக்கும் வெயிலில் கிழிந்த வலையைப் பொத்தும்போதும் தொண்டையை நனைப்பதில்லை.

"மறியலுக்குள்ள கிடந்து வந்தும் என்ன பக்தி பார்! குணம், நீ குடுத்து வைச்சனி," என்றாள் பக்கத்து வீட்டுக் கமலாவதி.

அவன் மனைவி குணலட்சுமிக்கும் பெருமைதான். சந்தேகமென்று பிடித்து, வழக்கே போடாமல் ஒன்பது வருடம் மறியலில் அடைத்துவைத்து, ஒருநாள் "போ" என்று விட்ட மனுசன். மன்னிப்பென்று ஒரு சொல் எவனும் சொல்லவில்லை. வந்த நாள்முதல் சோற்றோடு ஒரு மிடறு தண்ணீர்தான். அது சஷ்டிக்கு முன்னரும் அப்படித்தான் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

நாலாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தான். ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் சீறினார்.

"ரெண்டு கிட்னியிலயும் கல்லு. ஒண்டு பழுதாகத் தொடங்கிட்டுது. தண்ணி குடிக்கவும் பாடம் எடுக்கவேணுமோ?"

தேவராசா நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்: "பின்னேரம் பூட்டினா விடியத்தான் துறப்பாங்கள், ஐயா. அறை நிறைய ஆக்கள். ஒண்டுக்குப் போக ஒரேயொரு வாளி. நிரம்பி வழிஞ்சா அடி. குடிக்காமலே பழகிட்டன். இப்பவும் தண்ணி உள்ளுக்குப் போனா நெஞ்சு பதறுது."

குணலட்சுமி டொக்டர் பக்கம் திரும்பினாள். "கேட்டியளோ? பாடம் எடுக்கிறதெண்டால் வாளி வைச்சவங்களுக்குப் போய் எடுங்கோ!"

வீட்டுக்கு வந்தும் அவன் குடிக்கவில்லை. சூரன்போர் அன்று கோயில் வீதியில், சனத்தின் நடுவே, அவள் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

"கடைசி நாளெல்லோ! விரதத்தை முறிக்கப் போறியோ?" கமலாவதி பதறினாள்.

"இது விரதமில்லையக்கா. மறியல். இவரை அவங்கள் இன்னும் விடேல்லை."

"பிறகு... போகவேணுமெண்டு வந்தால்?" என்று தேவராசா மெல்லக் கேட்டான்.

"அந்தா கிடக்குது கக்கூஸ். நான் வாசல்ல நிக்கிறன். குடியுங்கோ."

அண்ணாந்து பாதிப் போத்தலைக் குடித்தான். கொஞ்ச நேரத்தில் அவன் முகம் மாறியது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கக்கூஸ் கதவில் பெரிய ஆமைப்பூட்டு. அவன் வியர்த்துப்போய்ச் சுவரோடு ஒட்டி நின்றான்.

"ஊத்தையாக்கிப் போடுவினமெண்டு பூட்டினது. பூட்டின்ர திறப்பு கோயில் தலைவரிட்டை," என்றார் அங்கு நின்ற தொண்டர். "திருவிழா முடிய வரட்டாம்."

குணலட்சுமி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். கிணற்றடியில் கிடந்த கருங்கல்லை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கதவடிக்கு வந்தாள்.

"தள்ளி நில்லுங்கோ," என்றாள்.