இரண்டாவது கேள்வி

போன ஆடியில், ஒரு செவ்வாய்க்கிழமை, அவிநாசிப் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். ஜெர்மனியிலிருந்து தொண்டு செய்ய வந்திருந்த மருத்துவ மாணவி. வெயிலில் மூக்கு சிவந்திருந்தது. யார் வந்தாலும் நம் வழக்கப்படி, "சாப்டீங்களா?" என்றே தொடங்குவார்.

எனக்கு முன்னால் நின்ற விவசாயிக்கு வியர்த்துக் கை நடுங்கியது. "ஆச்சு கண்ணு" என்றார்.

"என்ன சாப்டீங்க?"

வரிசையே சிரித்தது. "ஏனம்மணி, அதையுமா கேப்பாங்க?" என்றார் ஒருவர்.

அந்தப் பெண் சிரிக்காமல் விவசாயியையே பார்த்திருந்தார்.

"ஒண்ணும் திங்கல கண்ணு. சக்கரை மாத்திரைய மட்டும் போட்டுட்டு அப்படியே வந்துட்டேன்" என்றார் விவசாயி.

உடனே அந்தப் பெண் அவர் விரலில் குத்திப் பரிசோதித்து, சர்க்கரை மிகவும் இறங்கியிருந்ததால் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார். மெல்ல நடுக்கம் நின்றது.

இப்போதெல்லாம், சாப்பிட்டீர்களா என்றதற்கு "ஆச்சு" என்று யாராவது சொன்னால் அடுத்த கேள்வி எனக்கு நாக்கு வரை வருகிறது. கேட்கத்தான் இன்னும் கூச்சமாக இருக்கிறது.