சிராய் தீட்டிய உளி

சிராய் என்ற பேரை நான் முதன்முதலில் கேட்டது என் பெரியண்ணன் வீட்டுச் சமையலறையில். முட்டிவலிக்கு வைத்தியம் பார்க்க வந்து அங்கே தங்கியிருந்தேன். அண்ணன் மகளைக் கட்டிய மாப்பிள்ளை பட்டறையிலிருந்து தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவன், "இன்னைக்கும் சிராய் ஒரு பலகையத் தின்னுட்டா அத்தை" என்றான் தன் மாமியாரிடம். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாரடா அது புதிதாக என்று கேட்டேன்.

"வேற யாரு, உங்க தம்பி பொண்டாட்டிதான். அவ கை வச்ச எடமெல்லாம் மரம் பிஞ்சு சிராய் சிராயா நிக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. மறைப்பானேன்? எனக்கும் அவளுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. இஸ்திரிக் கடைக்காரர் மகள். பெட்டியில் கரி அணைந்தாலும் அணையும், அவள் வாய் அணையாது. கல்யாணமாகி வந்த புதிதில் ஆசையாக ஒரு குக்கர் வாங்கிக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது விசிலடிக்குமா அண்ணி, இல்ல பெருமூச்சு மட்டுந்தான் விடுமா?" என்றாள். என் வீட்டுக்காரர் முன்னால். அதை நான் மறப்பேனா?

எங்களுடையது மரத்தில் செதுக்குகிற குடும்பம். கதவு, கட்டில் தலைமாடு, சாமான் பெட்டி எல்லாவற்றிலும் கொடியும் இலையும் பறவையுமாகச் செதுக்குவார்கள். முன்னால் பட்டறை, பின்னால் வரிசையாக அறைகள். யார் பட்டறைப் பெஞ்சில் உட்கார்ந்து வேலை செய்கிறார்களோ அவர்களுக்குத்தான் பின்னால் அறை. இது எங்கள் அப்பா வைத்த சட்டம். பெஞ்சு போனால் அறையும் போகும். பெரியண்ணன், தம்பி, கூலிக்கு வருகிற இரண்டு ஆட்கள், கடைசியாக வந்து சேர்ந்த மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்குப் பெஞ்சு கிடைத்ததே தவிர அறை கிடைக்கவில்லை. மாமனார் வீட்டுக் கூடத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு, எந்த அறை காலியாகும் என்று கொக்கு மாதிரி காத்திருந்தான்.

நான் வைத்தியத்துக்கு வருவதற்கு முன்பே, தம்பி காய்ச்சலில் படுத்தவன் எழுந்திருக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டான். துக்கத்துக்கு உறவெல்லாம் கூடியிருந்தபோதே அண்ணன் அவளிடம் பேச்சை எடுத்தார். "நீ உன் பிள்ளையக் கூட்டிக்கிட்டு உங்கப்பா வீட்டுக்குப் போயிடும்மா. அறையில மாப்பிள்ள இருக்கட்டும்."

அவள் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள். "எங்கப்பா வீட்ல கூரையே இல்ல மாமா, தார்ப்பாய்தான் இருக்கு. பெஞ்சுல ஆள் இருந்தா அறை உண்டுல்ல? நான் உக்காருறேன்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணனுக்கு அத்தனை பேர் முன்னால் மறுக்கவும் முடியவில்லை, ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை. கடைசியில், "பெரிய கதவு ஒண்ணு ஒத்துக்கிட்டிருக்கேன். அது போறதுக்குள்ள ஒரு பலகை, துண்டுல சிக்காம செதுக்கிக் குடு. அறை உனக்கு. இல்லேன்னா பேசாம எடத்தக் காலி பண்ணு" என்றார்.

துண்டு என்றால், பலகை முடிந்ததும் மூத்தவர் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து அதன்மேல் போட்டு மெதுவாக இழுப்பார். ஒரு நூல் சிக்கினாலும் பலகை திரும்பிவிடும். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். பேச்சுக்கு அங்கே இடமில்லை, துண்டு சொன்னதுதான் தீர்ப்பு.

முட்டிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு பட்டறைக்கு நேரே உள்ள கதவோரம் நான் உட்கார்ந்திருப்பேன். அவள் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தேன். தம்பியின் பெஞ்சு, தம்பியின் உளிகள், அவற்றை அடிக்கத் தம்பியின் கொட்டாப்புளி. சொல்லித்தர ஆளில்லை. பக்கத்தில் இருப்பவன் எப்படி அடிக்கிறான் என்று இவள் ஓரக்கண்ணால் பார்த்தால், அவன் முதுகைத் திருப்பிக்கொள்வான். ஏதாவது கேட்டால் அண்ணன் காதில் விழாத மாதிரி பென்சிலைச் சீவுவார். மாப்பிள்ளை மட்டும் பதில் சொல்வான்.

"இந்த மூலைய எப்படி எடுக்கணும் தம்பி?"

"பல்லால கடிச்சு எடுங்க. நாக்குதான் நல்லா நீளமா இருக்கே, அதையும் போட்டுப் பாருங்க."

"ஒங்க மூளைய எடுத்த மாதிரி நோகாம எடுக்க முடியாதான்னு பாத்தேன்" என்பாள் இவள். வாய் மட்டும் தோற்கவில்லை. மரத்திடம்தான் தோற்றாள். இலை எழும்பி நிற்க அதைச் சுற்றி அடிமட்டத்தைத் தோண்டும்போது, அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் உளி இலைப்பக்கமே வழுக்கும். இலையின் ஓரம் பிய்ந்துகொண்டு போகும். அண்ணன் துண்டைப் போட்டு இழுப்பார், பலகை முழுக்க நூலாகத் தொங்கும். "தலை வாரிப் பின்னலே போடலாம்" என்பான் மாப்பிள்ளை. விரல் முழுக்கக் கந்தல் சுற்றிக்கொண்டு அடுத்த பலகையை எடுப்பாள்.

கதவு வேலை முடிகிற கட்டத்துக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை அவள் அறைக்குள்ளேயே போய், கட்டில் எங்கே போடலாம் என்று கயிறு வைத்து அளந்துவிட்டு வந்தான். அவள் பிள்ளை அப்போது உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. அந்த அளவெடுப்பு எனக்கே பொறுக்கவில்லை. அவளுக்காக இல்லை. அந்த மாப்பிள்ளையை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது.

எங்கள் பட்டறையில் அடுத்தவர் உளியைத் தொடக்கூடாது. தரையில் விழுந்தால்கூட உடையவன்தான் எடுக்க வேண்டும். அண்ணன் உளியைத் தம்பி தொட மாட்டான், தம்பி உளியை அண்ணன் தொட மாட்டார். அன்றைக்கு மாப்பிள்ளையின் உளி நழுவி உருண்டு அவள் காலடியில் போய் நின்றது. அவன் குனிவதற்குள் இவள் எடுத்தாள். எடுத்தவள் கொடுக்கவில்லை. தன் பலகையில் வைத்து ஒரே அடி. பழத்தில் தோல் உரிந்த மாதிரி சீவல் சுருண்டு எழுந்தது. இலை அப்படியே நின்றது.

"ஐயோ, என் உளி! மாமா, என் உளியத் தொட்டுட்டா!" மாப்பிள்ளை குய்யோமுறையோ என்று கத்தினான். அடுப்படியிலிருந்து மாமியார்க்காரி கரண்டியோடு ஓடிவந்தாள். "வெக்கங்கெட்டவளே, கீழ வைடி!"

அவள் யாரையும் பார்க்கவில்லை. அந்த உளியையும் தம்பியின் உளியையும் சன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தாள். ஒன்றின் முனை இந்தப் பக்கம் சரிந்திருந்தது, மற்றதன் முனை அந்தப் பக்கம். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணி, அவரு எந்தக் கையால கொட்டாப்புளி பிடிப்பாரு?"

"இடக்கைதான்" என்றேன். சின்ன வயதில் அப்பா தம்பியை அடித்து அடித்துச் சாப்பாட்டுக்கும் எழுத்துக்கும் வலக்கையாக்கினார். கொட்டாப்புளி மட்டும் இடக்கையை விட்டு இறங்கவில்லை. வேலை நேரத்தில் பெண்கள் பட்டறைக்குள் போவதில்லை. கட்டினவளுக்கு அது எப்படித் தெரியும்? அவன் உளியெல்லாம் அவன் கைக்குத் தக்கபடி எதிர்ப்பக்கம் சரித்துத் தீட்டியது. வலக்கைக்காரி அதைப் பிடித்தால் இலையைத்தான் வெட்டும். இருபது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்த பெரியண்ணனுக்கு இது தெரியாதா? பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தார்.

"தெரிஞ்சேதான் இருந்திருக்கீங்க மாமா" என்றாள்.

மறுநாள் ஆண்கள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் சாணைச் சக்கரம் கிறீச்சிட்டது. எல்லாரும் எச்சில் கையோடு ஓடினார்கள். தம்பியின் உளிகளை ஒவ்வொன்றாகச் சக்கரத்தில் வைத்து முனையை மாற்றிக்கொண்டிருந்தாள். பொறி பறந்தது. அண்ணன் முகம் வெளுத்துவிட்டது.

"அடிப்பாவி! அது என் தம்பி கைடி. அவன் கைய அழிக்கிறியே!"

"அவரு கை மண்ணுக்குள்ள போயிடுச்சு. என் கை இங்க இருக்கு" என்றாள், சக்கரத்தை நிறுத்தாமல். "மாப்பிள்ள, பாத்து நில்லுங்க, பொறி பட்டா மீசை போயிடும்."

அதன் பிறகு அந்த வீட்டில் அவளோடு பேசுவதற்கு நாய்கூட இல்லை. தீட்டுக்கல்லுக்கு ஊற்றுகிற எண்ணெய்ப் புட்டியை ஒளித்து வைத்தார்கள். சன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு வெளிச்சத்தை மறைத்தார்கள். சாக்கை இழுத்துக் கீழே போட்டு அதன்மேலேயே உட்கார்ந்து வேலை செய்தாள்.

கதவு போகிற நாள் வந்தது. பலகையைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்தாள். அண்ணன் துண்டைப் போட்டு இழுத்தார். சிக்கவில்லை. துண்டைத் திருப்பிப் போட்டு, குறுக்கே இழுத்தார். இலைக்கு இலை வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. மூன்றாவது தடவை, நைந்துபோன ஓரத்தை வைத்து அழுத்தி இழுத்தார். அப்போதும் ஒரு நூல் நிற்கவில்லை.

"இது இலையா? முட்டைக்கோஸ் மாதிரி இருக்கு" என்றார். உண்மையைச் சொன்னால், முட்டைக்கோஸ் மாதிரிதான் இருந்தது. பறவை பெருச்சாளிக்கு இறக்கை முளைத்த மாதிரி இருந்தது.

"நீங்க சொன்னது துண்டு. இப்ப காய்கறி பேசாதீங்க."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்றே?" நான் கூடப்பிறந்தவள், அவர் சோற்றைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அந்த மாப்பிள்ளை கையில் அறையை அளந்த கயிற்றைச் சுருட்டி வைத்திருந்தான்.

"அன்னைக்கு நீ வாயால சொன்னதக் காதால கேட்டவங்கள்ல நானும் ஒருத்தி அண்ணே" என்றேன்.

சாயங்காலமே என்னை ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். முட்டி பாதிதான் குணமாகியிருந்தது. அவள் வழியனுப்ப வரவில்லை, ஒரு நன்றியும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அவள் பலகையை அண்ணன் கதவின் அடி வரிசையில், கீல் பக்கமாக, கதவு திறந்தால் சுவரில் மறைகிற இடத்தில் பொருத்தினாராம்.

மாப்பிள்ளை இன்னும் கூடத்தில்தான் பாய் போட்டுப் படுக்கிறான். அண்ணன் அவளோடு இன்றுவரை பேசுவதில்லை, வேலையைப் பலகையில் பென்சிலால் வரைந்து அவள் பெஞ்சில் வைத்துவிட்டுப் போவார். அவள் அதே பட்டறையில், சன்னலோரப் பெஞ்சில் செதுக்குகிறாள். பின்னால் அந்த அறையில்தான் பிள்ளையோடு இருக்கிறாள்.