காக்கை தின்ற கேக் பாப் கணக்கில் சேருமா?

இன்று அமாவாசை. செத்துப்போன எங்கப்பன் காக்கையாக வந்து சோற்றில் வாய் வைத்த பிறகுதான் எனக்கு இலை.

மருமகளோ பேத்தியின் பிறந்தநாளுக்குக் கேக் பாப் செய்துகொண்டிருந்தாள். நேற்றுச் சுட்ட நல்ல கேக்கைப் புட்டு மாதிரி உதிர்த்து, கிரீம் விட்டுப் பிசைந்து, உருட்டி, குச்சி செருகி, சாக்லேட்டில் முக்கினாள். ஃபிரிட்ஜில் இடமில்லை என்று பாதிப் பூசணிக்காயில் குத்தி ஜன்னலோரம் காயவைத்தாள்.

நான் மதில்மேல் சோறும் வடையும் வைத்துத் தொண்டை வறளக் கூப்பிட்டேன். மதியம் சாய்ந்தும் ஒன்றும் வரவில்லை.

பிறகு ஒரு காக்கை வந்தது. மதிலைத் திரும்பியும் பார்க்காமல் நேரே ஜன்னலுக்குப் போய், ஒரு கேக் பாப்பைக் குச்சியோடு பிடுங்கி, வேப்பமரத்தில் உட்கார்ந்து தின்றது.

“காக்கா எடுத்துருச்சு, இலையப் போடு சாமி!” என்றேன்.

“ஏனுங்க மாமா, அது முட்டை போட்ட கேக்குங்க. அமாவாசைக்கு எப்படிங்க செல்லும்? உங்கப்பாரு இந்த நாள்ல முட்டைய ஊட்டுக்குள்ளயே உடமாட்டாருன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?”

உண்மைதான். அமாவாசையன்று அண்ணன் முட்டை அவித்தான் என்று சட்டியோடு தூக்கித் தெருவில் எறிந்தவர் அவர்.

“அவரே எறங்கி வந்து தின்னுட்டாரு, உனக்கென்ன அம்மிணி?”

“அது உங்கப்பாரா இருக்காதுங்க. வேற யாரூட்டுக் காக்காயோங்க.”

விவரம் தெரிந்தவர்கள் தீர்ப்புச் சொல்லுங்கள். எனக்குப் படிக்க வராது, நான் பேசி அனுப்புவதுபோல நீங்களும் குரலில் போடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். காக்கை இரண்டாவது கேக் பாப்புக்கே வந்துவிட்டது, நான் இன்னும் வெறும் வயிறு.