கையைக் கட்டிக்கொண்டு பார்த்த பாலே

எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்க அவள் சொல்வது இரண்டே பேச்சு. "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க." தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தியதும், "ஆச்சு, விடலாம்." மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரே அக்கா.

அந்த அறைக்கு வெளியேயும் அவளுக்கு எதையும் முடித்துவைத்தால்தான் நிம்மதி. பேருந்தில் இறங்கும் இடம் வருவதற்கு வெகு முன்பே எழுந்து படிக்கட்டருகே போய் நின்றுவிடுவாள். அடுத்தவர் ஆரம்பித்த வாக்கியத்தை அவளே முடித்துக் கொடுப்பாள், பெரும்பாலும் தப்பாக. அவள் கணவர் அதனாலேயே பேச்சைக் குறைத்துக்கொண்டவர். தொடங்கிவைப்பது மட்டும்தான் தன் வேலை, மிச்சத்தை வீட்டில் பார்த்துக்கொள்வார்கள் என்று நண்பர்களிடம் சொல்லுவார்.

இதில் அதிகம் பட்டவள் தங்கை. அம்மா வேலைக்குப் போன நாட்களில் தங்கைக்குச் சோறு ஊட்டியவள் அக்காதான். வாயில் இருப்பது உள்ளே போகுமுன் அடுத்த கவளம் உதட்டருகே வந்து நிற்கும். அந்தத் தங்கை வளர்ந்து பாலே நடனம் ஆடி, முழங்கால் கெட்டதும் ஆடுவதை விட்டுவிட்டு, மற்றவர்களை ஆட்டுவிக்கத் தொடங்கினாள். நகரத்து நாடக விழாவில் அவள் குழுவுக்கு வருஷா வருஷம் ஓர் இடம் உண்டு.

போன விழாவில்தான் அந்தக் கூத்து நடந்தது. மேடையில் எல்லோரும் ஒரு கணம் அசையாமல் நிற்க, முடிந்துவிட்டது என்று அக்கா படபடவெனக் கை தட்டினாள். அரங்கமே சேர்ந்து தட்டியது. விளக்குக்காரரும் அதை நம்பி இருட்டாக்கிவிட்டார். தங்கை மாதக்கணக்கில் உழைத்த கடைசிப் பகுதியை ஒருவரும் பார்க்கவில்லை. அதன்பிறகு அக்காவோடு பேச்சு இல்லை. எதுவானாலும் அத்தான் வழியாகத்தான் வரும், போகும்.

இந்த வருஷம் தங்கை நேரில் வந்து டிக்கெட்டை நீட்டினாள்.

"வா. ஆனா கை தட்டாதே. ஊரே தட்டி ஓஞ்சப்புறம் தட்டு. இந்தத் தடவையும் கெடுத்தே, இனிமே கூப்பிடவே மாட்டேன்."

"முடியறது எப்படித் தெரியும்னு மட்டும் சொல்லிடேன்."

"தெரிஞ்சா அதுக்கும் முன்னாடி தட்டுவே."

அரங்கில் உட்கார்ந்ததுமே அக்கா இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். கணவர் பார்த்துவிட்டுக் குளிருதா என்று கேட்டார்.

திரை விலகியது. இசை இல்லை. அலுவலக உடுப்பில், காலில் மட்டும் பாலே செருப்போடு சிலர் வந்து, நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். அடுக்கியதைக் கலைத்தார்கள். கலைத்ததைச் சுற்றி நுனிக்காலில் ஓடினார்கள். மரப்பலகையில் செருப்பு டொக் டொக்கென்று விழும் சத்தம் மட்டும் கேட்டது.

பின்வரிசையில் ஒருவர், நாற்காலி அடுக்கத்தான் இத்தனை வருஷப் பயிற்சியா என்று பக்கத்தில் இருந்தவரிடம் முனகினார். முன்னால் ஒரு பெண் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதற்கு அழுகிறாள் என்று அக்காவுக்குப் புரியவில்லை. புரியாததால் இன்னும் இருப்புக்கொள்ளவில்லை. நடுவில் ஒரு தம்பதி எழுந்து போனார்கள். அவர்கள் விட்டுப்போன இருக்கைகள் படீரென்று மடங்க, அக்காவுக்கு அவர்களைப் பிடித்து உட்காரவைக்கலாம் போல இருந்தது. கணவர் தூங்கியிருந்தார்.

கடைசியில் எல்லோரும் ஓடிவந்து நின்றார்கள். நடுவில் ஒரு பெண் ஒற்றை நுனிக்காலில். அவள் இடுப்பை ஒருவன் பிடித்திருந்தான். யாரும் அசையவில்லை.

அரங்கமும் அசையவில்லை. யாரோ இருமினார்கள். பின்வரிசைக்காரர், "முடிஞ்சுதா?" என்றார். சிலர் தட்டலாமா என்று பக்கத்தில் இருந்தவரின் கையைப் பார்த்தார்கள். ஒரு பையின் ஜிப் இழுபட்டது. அக்காவின் விரல்கள் மரத்துப்போயிருந்தன. முடிந்திருந்தால் தட்டாதது பாவம். முடியாமல் இருந்தால் தட்டுவது பாவம். அவள் கைகளின்மேல் இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள். நடுவில் நின்றவளின் மெல்லிய சட்டைக்குள் விலா எலும்புகள் விரிந்தபடியே நின்றன. இழுத்த மூச்சு உள்ளேயே இருந்தது. எத்தனை நேரம்தான் பிடிப்பாள்?

"ஆச்சு, விடலாம்."

யார் பேசியது என்று அக்காவே ஒரு கணம் தேடினாள். அந்த நிசப்தத்தில் அவள் குரல் கடைசி வரிசைவரை போயிருந்தது. மேடையில் இருந்த பெண்ணின் விலா சட்டென்று இறங்கியது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்தது. கணவர் திடுக்கிட்டு விழித்து எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். அக்கா மட்டும் தட்டவில்லை.

வெளிக்கூடத்தில் தங்கையைச் சுற்றிக் கூட்டம். அந்தக் குரலை நடுவரிசையில் இருந்து வரவைத்தது அபாரமான யோசனை என்றார் ஒரு தாடிக்காரர். ஓர் அம்மாள், அத்தனை அழகான அமைதியை அது கொன்றுவிட்டது என்று கோபப்பட்டாள். அது பதிவு செய்த குரலா என்று ஒரு மாணவி கேட்டாள்.

"இல்லை, அது எங்கக்கா" என்றாள் தங்கை, சிரிக்காமல்.

கூட்டம் கலைந்ததும் அக்காவிடம் வந்தாள்.

"உன் கையைக் கட்டினேன். வாயைக் கட்ட மறந்துட்டேன்."

"அந்தப் பொண்ணுக்கு மூச்சு முட்டிச்சுடி. நான் பார்த்தேன்."

"முட்டட்டும்னுதான் நிக்கவெச்சேன். பாக்கறவங்களுக்கும் முட்டணும். யாராவது தாங்காம தானா தட்டணும். அதுதான் முடிவு."

மறுநாளும் ஆட்டம் உண்டு. வரட்டுமா வேண்டாமா என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"தெரியலை. யோசிச்சுட்டு போன் பண்றேன்."

மறுநாள் காலையில் இருந்து அக்காவுக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. போனை மேஜை இழுப்பறையில் போட்டாள். எடுத்தாள். மீண்டும் போட்டாள். ஒருவருடைய வலது கையைப் படம் எடுக்க டாக்டர் எழுதியிருக்க, இவள் இடது கையை நீட்டச் சொன்னாள். மதியத்துக்குமேல் ஒரு பெரியவர் நெஞ்சுப் படத்துக்கு வந்தார். தாடையை உயர்த்தி, தோளை முன்னே தள்ளி நிற்கவைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் வந்து பொத்தானை அழுத்தினாள். அந்த நேரம் பார்த்து இழுப்பறைக்குள் போன் அதிர்ந்தது.

"சாயங்காலம் வா" என்றாள் தங்கை. "கடைசி வரிசை. வாயில ஒரு மிட்டாயைப் போட்டுக்கோ. முடியறவரைக்கும் அது கரையக்கூடாது."

"கரைஞ்சா?"

"இன்னொண்ணு போட்டுக்கோ. நேத்து நடுவுல நின்னவ சொல்றா, உங்கக்கா சொல்லலைன்னா விழுந்திருப்பேன்னு. அதுக்காக இன்னிக்கும் சொல்லிடாதே." வைத்துவிட்டாள்.

அப்போதுதான் அக்காவுக்குப் பெரியவர் ஞாபகம் வந்தது. பதறிக்கொண்டு தடுப்புக்கு வெளியே ஓடினாள். "ஐயா, ஆச்சு, விடலாம்."

பெரியவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் நான் அப்பவே விட்டுட்டேம்மா" என்றார்.